போறவரைக் கேக்கக் கூடாது

ஈரக் கல்லில வீட்டுச் செருப்போட நடக்கிற ஒரே விசரி நானாத்தான் இருப்பன். கம்பியைப் பிடி மலர், கம்பியைப் பிடி, கீழ பாக்காத. பாக்காத எண்டால் கண் அங்கதான் போகுது. தண்ணி பச்சையா, கரையில வெள்ளையா நுரைச்சுக்கொண்டு ஓடுது, அதில நீலமா ஏதும் கிடக்குதோ எண்டு இந்தக் கண் தேடுது, நான் தேடச் சொல்லேல்லை. நீலச் சேட்டு. நேற்றுப் பின்னேரம் நான்தான் அயர்ன் பண்ணிக் கொழுவினனான். கொலர் மடிப்பு வடிவா வரேல்லை எண்டு திரும்பத் தண்ணி தெளிச்சு அழுத்தினனான். காலமை என்ர மனிசன் அதைத்தான் போட்டார். நான் என்ன நினைச்சன்? ஆரோ வேலைக்குக் கூப்பிட்டிருக்கினம், இன்ரவியூவுக்குப் போறார், சரிவந்தால் பேந்து சொல்லுவம் எண்டு வாய் திறக்காமல் வெளிக்கிடுறார் எண்டு நினைச்சன். மனசுக்குள்ள சந்தோசப்பட்டும் போனன், சொன்னால் வெக்கக்கேடு. கதவடியில நிண்டவர். கைபிடியில கையை வைச்சுக்கொண்டு என்னைப் பாத்தவர். சும்மா திரும்பிப் பாக்கிற பார்வை இல்லை, நிண்டு பாத்தவர். எனக்கு நாக்கு நுனியில வந்திட்டுது, எங்க வெளிக்கிட்டிட்டியள் எண்டு. பல்லைக் கடிச்சுக்கொண்டு விழுங்கினன். வெளிக்கிட்டுப் போறவரை எங்க எண்டு கேட்டால் போற காரியம் பிழைச்சுப் போகுமெல்லே. பூனை குறுக்க போறதையும் தும்மலையும் இஞ்ச வந்து விட்டாச்சு, இதை மட்டும் விடேல்லை. "வாறன்" எண்டார். "ஓம்" எண்டன். அவர் இன்னும் கொஞ்சம் நிண்டார். பேந்து கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

அதுக்குப் பிறகு சாவியைக் கண்டன். இல்லை, முதல் உடுப்பு. இண்டைக்கு எங்கட தோய்க்கிற முறை. இந்த நாட்டில ஊத்தை உடுப்புக்கும் முறை வரவேணும், கட்டடத்தில இருக்கிற அவ்வளவு பேருக்கும் நிலவறையில ஒரு மெசின், முறை தவறினால் மணந்துகொண்டு திரியவேண்டியதுதான். கூடையோட கீழ போய்ப் போட்டன். ஹோட்டலில சமைக்கேக்க போடுற அவற்ற வெள்ளைக் குசினிக் கோட்டுகளையும் சேத்துத்தான் போட்டன். ஹோட்டல்காரர் குசினியைப் பூட்டி இவரை வீட்ட அனுப்பினது வெய்யில் காலத்தில, இப்ப இலையெல்லாம் கொட்டுது, நான் இன்னும் ஊத்தையில்லாத கோட்டைத் தோய்ச்சு அயர்ன் பண்ணி அலுமாரியில கொழுவிறன். அவர் பாத்துக்கொண்டிருப்பார். ஒரு நாளைக்கெண்டாலும், ஏனப்பா உதைத் தோய்க்கிறீர் எண்டு கேட்டிருக்கலாம்தானே. நானும் ஏன் தோய்க்கிறன் எண்டு யோசிச்சிருப்பன். மெசினைப் போட்டிட்டு மேல வந்து பாத்தால் கொழுக்கியில அவற்ற சாவி தொங்குது. மறந்திட்டார், கிழடு தட்டிப் போச்சு எண்டுதான் முதல் நினைச்சன். மேசையில பாத்தால் அவற்ற போன். அதுக்குப் பக்கத்தில கையில கட்டுற மணிக்கூடு. ரெண்டையும் மேசை விளிம்புக்கு நேரா வடிவா வைச்சிருக்கு. மறந்திட்டுப் போற ஆள் இப்பிடி அடுக்கி வைக்குமோ? நிண்ட நிலையில நிக்கிறன், என்ர போன் அடிக்குது. வாசுகி. எங்கட பகுதிப் பிள்ளை, இந்த மலையிடுக்குக்குக் கிட்ட இருக்கிற ஸ்ரேசன் கடையில நிக்கிறவள். "அக்கா, தயாபரன் அண்ணை இப்ப ரெயிலால இறங்கி ஆத்துப் பக்கமா நடந்து போறார், தனிய. கையில ஒரு பையும் இல்லை. ஏதும் விசேசமோ?" எண்டாள். "எங்க போறியள் எண்டு நீ கேக்கேல்லையோடி?" எண்டு கத்தினன். "போறவரை எப்பிடியக்கா கேக்கிறது?" எண்டாள். அவளுக்கும் என்ர தாய் மாதிரி ஒரு தாய்தானே சொல்லி வளத்திருப்பா.

செருப்பு மாத்தக்கூட நினைப்பு வரேல்லை. ரெயில்லயிருந்து மகளுக்கு அடிச்சன். ஆரணி இஞ்ச பிறந்த பிள்ளை. "கேட்டிருந்தால் அப்பா சொல்லியிருப்பார் அம்மா, ஏன் கேக்கேல்லை? ஒரு வசனம்தானே அம்மா?" எண்டு அழுகிறாள். பொலிசுக்கு அடிக்கப் போறன் எண்டாள். பொறு பிள்ளை, நான் போய்ப் பாத்திட்டுச் சொல்லுறன் எண்டன். ஏன் பொறு எண்டனான்? ஆக்கள் என்ன கதைப்பினம் எண்டோ? பொலிஸ்கார் வாசலில நிண்டால் மேல்வீட்டு மனிசி பாப்பாள் எண்டோ? கோதாரி விழுந்த வெக்கம், ஆளைத் திண்டாலும் அடங்காது. இப்ப அடிப்பம் எண்டால் போனில சிக்னல் இல்லை. ரெண்டு பக்கமும் மலை எழும்பி வானத்தை ஒரு துணிக் கீலமாக் கிழிச்சு விட்டிருக்கு. திரும்பிப் போய் அடிக்கலாம். திரும்பினால் அந்த நேரத்துக்குள்ள இவர் எங்கையெண்டு. முன்னுக்குப் போறதோ, பின்னுக்குப் போறதோ எண்டு நினைச்சுக்கொண்டே முன்னுக்குத்தான் போறன்.

இந்தக் கல்லைப் பாத்தால் எனக்கு ஆத்திரம் வருது. சுண்ணாம்புக் கல்லு. எங்கட ஊரிலும் நிலத்துக்குக் கீழ இதே கல்லுத்தான், கிணறு வெட்டேக்க உளியும் அலவாங்குமா நிண்டு உடைப்பினம். ஆனால் அங்க ஆறில்லை. மாரியில மட்டும் ஓடுற வாய்க்காலுக்கு ஆறெண்டு பேர் வைச்சு ஆசையைத் தீத்துக்கொண்ட ஆக்கள் நாங்கள். பெய்யிற மழையெல்லாம் கல்லுக்குள்ள இறங்கிப் போகும், எங்க போச்சு, எந்த வழியாப் போச்சு, ஒருத்தருக்கும் தெரியாது. இஞ்ச அதே கல்லைத் தண்ணி வாள் வைச்சு அறுத்த மாதிரி அறுத்து மேலயிருந்து அடிமட்டும் திறந்து காட்டியிருக்கு. வளைவிலெல்லாம் கிண்ணம் கிண்ணமாக் குடைஞ்சு வைச்சிருக்கு. வாற வழியில ஒரு பலகையில எழுதியிருந்தது, ஒரு காலத்தில கடலாம், செத்த சிப்பியும் சங்கும் படிஞ்சு படிஞ்சு கல்லாப் போச்சாம். எனக்கு என்னத்துக்கு இப்ப அது. வேறை நேரமெண்டால் இவர் நிண்டு ஒவ்வொரு எழுத்தா வாசிச்சு எனக்குத் தமிழில சொல்லியிருப்பார். சொல்லியிருப்பார் எண்டு ஏன் நினைக்கிறன், சொல்லுவார், சொல்லுவார். வாயைக் கழுவு மலர்.

இவற்ற கூட்டாளி கிருபா அண்ணை போனதும் இந்த ஆத்திலதான். போன மாசியில. இந்த இடத்தில இல்லை, இன்னும் கீழ, ஏரியோட சேருற பக்கத்தில. வழுக்கி விழுந்திட்டார் எண்டு எல்லாரும் சொன்னவை. நானும் செத்த வீட்டில நாலு பேருக்கு அப்பிடித்தான் சொன்னனான், பனிக்காலம், கரையில ஐஸ், வழுக்கியிருக்கும் எண்டு. அவற்ற மனிசி என்ர முகத்தையே பாத்துக்கொண்டிருந்தவா. நாங்கள் ஒருத்தரும் அவவை ஒண்டும் கேக்கேல்லை. தேத்தண்ணி குடிக்கிறீங்களோ எண்டு மட்டும் கேட்டனாங்கள். வீட்ட வந்தாப் பிறகு இவர் சப்பாத்தைக் கழட்டிக்கொண்டு, "கிருபா நீந்தத் தெரிஞ்ச ஆள்" எண்டார். நான் குசினிக்குள்ள இருந்தனான். காதில விழுந்தது. வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தனான், வெட்டிக்கொண்டே இருந்தனான். அதுக்குப் பிறகு இவர் அந்தக் கதையை எடுக்கேல்லை. எடுத்திருந்தால் நான் இன்னொரு வெங்காயம் எடுத்திருப்பன், அதுவும் எனக்குத் தெரியும்.

ஒரு மனிசி நாயோட எதிரில வாறாள். போன்ஜூர் மதாம் எண்டுறாள். என்ர செருப்பைப் பாக்கிறாள், முகத்தைப் பாக்கிறாள். மொன் மாறி, என்ர மனிசன், நீலச் சேட்டு, கண்டனீங்களோ எண்டு கேக்கவேணும், வாயில பிரெஞ்சு வருகுதில்லை. இத்தனை வருசம் இருந்து, கடையில கரட் கேக்கவும் டொக்டரிட்ட எங்க நோகுது எண்டு சொல்லவும் தெரியும், மனிசனைக் காணேல்லை எண்டு சொல்ல ஒருத்தரும் படிப்பிக்கேல்லை. மொன் மாறி, ப்ளூ, எண்டு நெஞ்சைத் தட்டிக் காட்டுறன். அவள் இல்லையெண்டு தலையாட்டிப் போட்டு, உங்களுக்குச் சுகமில்லையோ எண்டு கேக்கிறாள். பார், முன்னப் பின்னக் கண்டறியாத சனம், நாய்ச் சங்கிலியைப் பிடிச்சுக்கொண்டு நடுவழியில நிண்டு கேக்குது. எனக்கு அழுகை முட்டுது. மெர்சி மெர்சி எண்டு அவளைத் தாண்டி ஓடுறன். ஓடுறதெண்டு சொல்லக்கூடாது, கம்பியைப் பிடிச்சுக்கொண்டு இழுபடுறன்.

வேலை போன நாளில எண்டாலும் கத்தியிருக்கலாம் அவர். ஹோட்டல்காரனைத் திட்டியிருக்கலாம். பாத்திரம் கழுவப் போய்ச் சேந்த ஆள், கண் பாத்துக் கை பழகி, வெள்ளைக்காரர் தேடி வந்து சாப்பிடுற அளவுக்கு உருளைக்கிழங்கு ரொஸ்டி சுட்டவர், என்ன குறை சொல்லி அனுப்பினவை? குறையே இல்லையாம். அதுதான் அவருக்குத் தாங்கேலாமல் போனது எண்டு நினைக்கிறன், ஒரு பிழையெண்டாலும் சொல்லியிருந்தால் அதைப் பிடிச்சுக்கொண்டு இருந்திருப்பார். பல்கணியில கதிரையைப் போட்டு இருக்கத் தொடங்கினார். முதல் கிழமை நல்லது, ஆறட்டும் எண்டு விட்டன். பேந்து எனக்கு எரிச்சல் வரத் தொடங்கிச்சுது. தூசி தட்ட வேணும், கொஞ்சம் எழும்புங்கோ எண்டுவன். எழும்புவார். தட்டினாப் பிறகு இருப்பார். சமைக்கக் கூப்பிட்டன், நீங்கள் சமையுங்கோவன் இண்டைக்கு எண்டு. "ஆருக்கு?" எண்டார். எனக்கெண்டு சொல்லியிருக்கலாம். எனக்குத்தான் பசிக்குது எண்டு சொல்லியிருக்கலாம். சரி விடுங்கோ எண்டு நானே உலையை வைச்சன். பக்கத்தில பக்கத்தில படுத்து எழும்பிக்கொண்டு, ஒரே குசினியில கோப்பி குடிச்சுக்கொண்டு, இந்தக் காலம் முழுக்க அந்த மனிசன் தனிய இருந்திருக்கு. நானும் தனியத்தான் இருந்தனான். அது இப்பதான் விளங்குது, இந்தக் கண்டறியாத மலைக்குள்ள வந்து நிக்கேக்க.

தண்ணிச் சத்தம் கூடுது. இடுக்கு ஒடுங்கி ஒடுங்கி வருது, கையை நீட்டினால் அங்கால் கல்லில படும்போல. அங்காலயும் ஒரு பாதை போகுது, கல்லை வெட்டின படி. படியில ஆரோ இருக்கினம். நீலம். கடவுளே. நீலச் சேட்டுத்தான். முழங்காலில கையை வைச்சுக்கொண்டு தண்ணியைப் பாத்துக்கொண்டு இருக்கிறார். இருக்கிறார்! இஞ்சருங்கோ! இஞ்சருங்கோ! என்ர சத்தம் எனக்கே கேக்கேல்லை. ஆறு எல்லாத்தையும் விழுங்குது. கையைத் தூக்கி ஆட்டுறன், செருப்பொண்டைக் கழட்டி ஆட்டுறன். நிமிர்ந்து பாக்கிறார். பாத்தவர் எழும்பேல்லை. ஆரோ வேற்று ஆளைப் பாக்கிற மாதிரிப் பாக்கிறார். எனக்கு எங்கையிருந்து வந்ததோ தெரியாது, கத்தத் தொடங்கினன். எங்க வெளிக்கிட்டனீங்கள்? சொல்லுங்கோ, எங்க வெளிக்கிட்டனீங்கள்? என்னை விட்டிட்டு எங்க போகப் பாத்தனீங்கள்? கதவடியில நிண்டனீங்களே, வாயில என்ன கொழுக்கட்டையோ வைச்சிருந்தனீங்கள்? நான்தான் கேக்கேல்லை, நீங்கள் சொல்லக்கூடாதோ? எனக்குப் பயமாயிருக்கப்பா. நீங்கள் இல்லாமல் நான் ஆரோட சண்டை பிடிக்கிறது? குசினிக்குள்ள வந்து ஏனப்பா உப்புக் கூட எண்டு சொல்லுறதுக்கு எனக்கு ஆரிருக்கினம்? எனக்கு நீங்கள் வேணும், கேக்குதோ, நீங்கள் வேணும். கலியாணம் கட்டின நாளிலயிருந்து சொல்லாததெல்லாத்தையும் தொண்டை கிழியச் சொல்லுறன். அவர் ஒரு கையைக் காதடியில வைக்கிறார். கேக்கேல்லை எண்டு தலையாட்டுறார்.

பேந்து எழும்பினார். மேல் பக்கத்தைக் கையால காட்டினார். பாலம் ஒண்டிருக்கு போல. அவர் அந்தக் கரையால நடக்கிறார், நான் இந்தக் கரையால நடக்கிறன், நடுவில இந்தச் சனியன் பிடிச்ச தண்ணி. நான் அவரைப் பாத்துக்கொண்டே நடக்கிறன், கால் எங்க படுதெண்டு தெரியேல்லை. அவர் நிண்டால் நிக்கிறன். அவர் ஓரத்துக்கு வந்தால், உள்பக்கமா நடவுங்கோ, கல்லோட ஒட்டி நடவுங்கோ எண்டு கையால தள்ளிக் காட்டுறன், இஞ்சயிருந்து தள்ளி என்ன வரப்போகுது. ஆனால் உள்பக்கமா நடக்கிறார். சொல்லுக் கேக்கிறார். இப்ப பாத்தால் என்ர பக்கத்துப் பாதை கல்லுக்குள்ள போகுது. குகை மாதிரிக் குடைஞ்ச வழி, உள்ளுக்கு இருட்டு. இதுக்குள்ள போனால் அவரைக் காணேலாது. போகாமல் நிண்டால் அவர் பாலத்துக்குத் தனியப் போவார். போகாதேங்கோ, நில்லுங்கோ, நான் வருமட்டும் நில்லுங்கோ எண்டு கைகாட்டுறன். அவருக்கு என்ன விளங்கினதோ, தலையாட்டுறார்.

உள்ளுக்குச் சுவர் ஈரம். மேலயிருந்து சொட்டுச் சொட்டாக் கழுத்துக்குள்ள விழுது, ஐஸ்தண்ணி. சுவரைத் தடவிக்கொண்டு போறன், விரலில மாவாட்டம் ஏதோ ஒட்டுது. ஆத்துச் சத்தம் திடீரெண்டு குறைஞ்சு என்ர மூச்சு மட்டும் கேக்குது. இப்பதான் பயம் வடிவா வருது, இவ்வளவு நேரமும் வந்தது பயமில்லை, ஓட்டம். கிருபா அண்ணையின்ர மனிசியும் இப்பிடித்தான் ஒரு கரையில நிண்டிருப்பா. அவவின்ர பேர்கூட எனக்கு இப்ப வருகுதில்லை, கிருபா அண்ணையின்ர மனிசி, கிருபா அண்ணையின்ர மனிசி எண்டே கூப்பிட்டுப் பழகிட்டம். வெளியில போய்ப் பாக்கேக்க அங்க ஆளில்லாட்டில்? படி வெறுமனே இருந்தால்? நான் என்ன செய்வன், ஆரணிக்கு என்னெண்டு சொல்லுவன், எந்த வாயால சொல்லுவன்? வழுக்கினது எண்டோ? எனக்கும் நாலு பேர் வந்து அதைத்தான் சொல்லுவினம், ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டினம், தேத்தண்ணி மட்டும் கேப்பினம். முருகா, நான் உன்னட்ட இண்டைக்கு ஒரு நேத்தியும் வைக்கேல்லை, பேரம் பேச எனக்கு நேரமில்லை, அந்த மனிசனை நிக்க வை. அவ்வளவுதான். நிக்க வை. ஒரு செருப்பு எங்கையோ கழண்டு போச்சு, போகட்டும்.

வெளிச்சம். படியில ஆளில்லை. அங்காலக் கரை வெறுமனே கிடக்குது. பேந்துதான் பாலம் கண்ணில பட்டுது. பழைய கல்லுப் பாலம், நடுவில நிக்கிறார். சுவரில ரெண்டு கையையும் ஊண்டிக்கொண்டு கீழ பாத்துக்கொண்டு நிக்கிறார். கத்தாத மலர், இப்ப கத்தாத. ஓடாத. சும்மா சந்தைக்குப் போற மாதிரி நட. பாலத்தில காலை வைச்சன், ஒரு கால் செருப்பு, மற்றக் கால் வெறுங்கால். கிட்டப் போய் அவற்ற சேட்டுக் கையை இறுக்கிப் பிடிச்சன். ஆத்துத் தூவானத்தில நனைஞ்சு குளிர்ந்து போயிருக்கு.

"அங்காலயிருந்து என்னவோ கத்தினீர்" எண்டார். "ஒண்டும் கேக்கேல்லை."

"சாகவோ வந்தனீங்கள்?" எண்டன்.

இப்பிடிக் கேப்பன் எண்டு நான் நினைக்கேல்லை. விசர்க்கதை கதையாதையும் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பன், நம்பத்தான் ஆசை. அவர் தண்ணியைப் பாத்தார், என்ர காலைப் பாத்தார்.

"காலமை அப்பிடித்தான் வந்தனான்" எண்டார். "அந்தப் படியில கன நேரம் இருந்தன் மலர். பேந்து பசிச்சுது. பசிக்குதே எண்டு எனக்கு வெக்கமாப் போச்சு. பசியோட போறதோ, சாப்பிட்டிட்டுப் போறதோ எண்டு யோசிச்சுக்கொண்டிருக்கேக்கதான் நீர் செருப்பைத் தூக்கி ஆட்டினீர்."

நான் அடிச்சன். நெஞ்சில, தோளில, கிடைச்ச இடத்தில கை நோக அடிச்சன். அவர் தடுக்கேல்லை. பசிச்சால் வீட்ட வரத் தெரியாதோ, உங்களுக்கு வீடில்லையோ, நான் செத்தா போனன் எண்டு கேட்டுக் கேட்டு அடிச்சன். பேந்து அவற்ற நீலச் சேட்டிலேயே முகத்தை வைச்சுக்கொண்டு நிண்டன். அந்தாளின்ர நெஞ்சு துடிக்கிறது காதில கேட்டுது, ஆத்துச் சத்தத்துக்கு மேலால கேட்டுது. அவர் அழுதார். கலியாணம் கட்டி இவ்வளவு காலத்தில அவர் அழுது நான் காணேல்லை.

சிக்னல் வந்த உடன ஆரணிக்கு அடிக்கவேணும், டொக்டரிட்டப் போவம், நானும் கூட வருவன், உள்ளுக்கு வந்து இருந்து எல்லாம் சொல்லுவன், வெளியில இருக்கமாட்டன் எண்டு சொன்னன். ஓம் எண்டார். தன்ர சப்பாத்தைக் கழட்டி எனக்குப் போடத் தந்தார், பெரிசு, கால் உள்ளுக்க ஓடித் திரியுது. காலுறையோட நடக்கத் தொடங்கினார். பாதை ஒடுக்கம், ரெண்டு பேர் பக்கத்தில பக்கத்தில போகேலாது. அவரை முன்னுக்கு விட்டு, சேட்டின்ர பின்பக்கத்தைப் பிடிச்சுக்கொண்டு நடந்தன்.

"நாளைக்கு?" எண்டு கேட்டன்.

அவர் நிண்டார். திரும்பேல்லை.

"நாளைக்கு எப்பிடியெண்டு எனக்குத் தெரியாது மலர்" எண்டார். "காலமை கேட்டுப் பாரும்."